வீட்டுக்கு ஹெச்டி டிவி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்தில் யார் டிவி வாங்கினாலும் என்னையும் கடைக்குக் கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்காவது கூடப் போய் வாங்கி, மாட்டி, செட் செய்து கொடுத்திருப்பேன். அப்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அதற்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? பிராண்டா, சைஸா, விலையா?

இந்த மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இன்ச் டேப்பை எடுத்து, டிவி இருக்கப்போகும் சுவரில் இருந்து நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம் எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இப்போது இருக்கும் டிவிக்குப் பின்னால் போய், செட்டாப் பாக்ஸில் இருந்து டிவிக்கு என்ன வயர் வருகிறது என்று பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள வயரா, இல்லை தட்டையான முனை கொண்ட ஹெச்டிஎம்ஐ வயரா? இந்த இரண்டு விஷயம் தெரியாமல் கடைக்குப் போனால், விற்பவர் சொல்வதுதான் உங்கள் முடிவாக இருக்கும். டிவிக்குக் கொட்டுகிற பணத்தில் பெரும்பகுதி வீணாவது டிவியால் இல்லை, அதற்குள் போகிற சிக்னலால்தான். இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஹாலுக்கு எத்தனை இன்ச் சரியாக இருக்கும்?

எளிய கணக்கு இருக்கிறது. டிவி எத்தனை இன்ச்சோ அதை 1.6-ஆல் பெருக்குங்கள், வருவது உட்கார வேண்டிய தூரம், அதுவும் இன்ச்சில். 12-ஆல் வகுத்தால் அடி. 32 இன்ச்சுக்குச் சுமார் நாலே கால் அடி, 43-க்கு ஐந்தே முக்கால், 50-க்கு ஆறே முக்கால், 55-க்கு ஏழே கால், 65-க்கு எட்டே முக்கால் அடி. சினிமா பார்க்கும்போது திரை கண்ணை நிறைக்க வேண்டும் என்பவர்களுக்கான கணக்கு இது. செய்தியும் சீரியலும்தான் அதிகம் ஓடும் என்றால் இதைவிட இரண்டு மூன்று அடி தள்ளி உட்கார்ந்தாலும் ஒன்றும் குறையாது.

நம் ஊர் வீடுகளில் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு, பத்துக்குப் பதினைந்து என்று இருக்கும். சோபா சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் கண்ணில் இருந்து திரைக்கு எட்டு, ஒன்பது அடி வரும். அதற்கு 50 அல்லது 55 நன்றாகப் பொருந்தும். ஆனால் சோபாவை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு தரையில் உட்காருபவர்கள் உண்டு, டிவிக்கு நாலடி தூரத்தில் பாயில் படுத்துக்கொண்டே பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

இன்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை குறுக்களவு, அகலம் இல்லை. 43 இன்ச் டிவியின் திரை அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், 55-க்கு 122, அதாவது நாலு அடி. பழைய ஷோகேஸில் டிவிக்கென்று கட்டிய அறைக்குள் நுழையுமா என்பது இதில்தான் தெரியும். வாங்குவதற்கு முதல் நாள் பழைய செய்தித்தாள்களை ஒட்டி அந்த அளவுக்கு வெட்டி, சுவரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, ராத்திரி சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பாருங்கள். பெரிதா சிறிதா என்பதற்கு அதைவிட நல்ல பதில் எந்தக் கடையிலும் கிடைக்காது, ஏனென்றால் கடையின் கூரை உயரத்துக்கும் நீளத்துக்கும் 65 இன்ச் கூடச் சின்னதாகத் தெரியும்.

ஹெச்டி ரெடி, ஃபுல் ஹெச்டி, 4கே, 8கே... எதை எடுப்பது?

எல்லாமே திரையில் உள்ள புள்ளிகளின் கணக்குதான். ஹெச்டி ரெடி என்றால் பொதுவாக 1366 × 768. ஃபுல் ஹெச்டி 1920 × 1080, ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். 4கே 3840 × 2160, ஏறக்குறைய 83 லட்சம். 8கே அதைப் போல நாலு மடங்கு. அதற்கான படங்களே நம் வீட்டுக்கு வருவதில்லை, விட்டுவிடுங்கள்.

புள்ளி கூடினால் படம் தெளிவு என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் தூரத்துக்கும் சம்பந்தம் உண்டு. 55 இன்ச் ஃபுல் ஹெச்டி திரையில் ஒரு புள்ளி சுமார் 0.63 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர் ஏழடிக்கு மேல் போய்விட்டால் அந்தப் புள்ளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தத் தூரத்தில் 4கேவும் ஃபுல் ஹெச்டியும் புள்ளி விஷயத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். 32 இன்ச் ஹெச்டி ரெடிக்கு அந்த எல்லை ஆறடிக்குள் வந்துவிடுகிறது. அதனால் படுக்கையறையில் கட்டிலில் சாய்ந்து எட்டடி தூரத்தில் பார்க்கப்போகும் 32 இன்ச்சுக்கு ஹெச்டி ரெடியே போதும், கவலைப்படாமல் வாங்கலாம்.

43-க்கு மேல் போனால் இன்றைக்குக் கடைகளில் பெரும்பாலும் 4கேதான் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 43-இல் ஃபுல் ஹெச்டியும் 4கேவும் இரண்டுமே இருக்கும். விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 4கே. பட்ஜெட் இடிக்கிறது என்றால் நல்ல கம்பெனியின் ஃபுல் ஹெச்டி, பெயர் தெரியாத கம்பெனியின் 4கேவை விட எவ்வளவோ மேல்.

4கே டிவி வாங்கினோம், பழைய டிவியை விடப் படம் மங்கலாக இருக்கிறதே, டிவி கோளாறா?

அனேகமாக இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் அத்தை வீட்டில் 50 இன்ச் 4கே வாங்கினார்கள். பத்து நாள் கழித்துப் போன் செய்து, "என்னப்பா, இவ்வளவு காசு குடுத்து வாங்கினோம், முகமெல்லாம் கலங்கலா தெரியுது, கீழ ஓடுற நியூஸ் எழுத்தைப் படிக்கவே முடியல" என்றார். போய்ப் பார்த்தால், புத்தம் புது டிவிக்குப் பின்னால் பழைய செட்டாப் பாக்ஸில் இருந்த அதே மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகி வைத்திருந்தார்கள். பெட்டியோ சாதா எஸ்டி பெட்டி, அதாவது ஹெச்டிக்கு முந்தைய சாதாரணத் தரம். அதில் இருந்து வரும் படம் 720 × 576, அதாவது நாலு லட்சம் புள்ளிகள். அந்த நாலு லட்சத்தை இழுத்து 83 லட்சத்தில் பரப்பினால் கலங்காமல் என்ன செய்யும்? அதே படம் பழைய 21 இன்ச் பெட்டி டிவியில் நன்றாகத்தான் இருந்தது, சின்னத் திரைக்கு அது போதுமானது.

கேபிள்காரரைக் கூப்பிட்டுச் சொன்னோம், மறுநாள் ஹெச்டி பெட்டி கொண்டுவந்தார். ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகிவிட்டு அத்தையை உட்காரச் சொன்னேன். சீரியலில் ஒரு அம்மா கட்டியிருந்த பட்டுப்புடவையின் ஜரிகைக் கட்டம் தனித்தனியாகத் தெரிந்தது. அத்தை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் அந்தப் புடவைக் கரையை விரலால் தொட்டே பார்த்தார். டிவி அதேதான், மாறியது ஒரு பெட்டியும் ஒரு வயரும்.

அதோடும் முடியவில்லை. அடுத்த வாரம் போனபோது மறுபடியும் கலங்கல் படம். காரணம், அத்தை கை பழக்கத்தில் பழைய சேனல் எண்ணையே ரிமோட்டில் அழுத்திக்கொண்டிருந்தார். ஒரே சேனலுக்கு எஸ்டி ஒரு எண்ணிலும் ஹெச்டி வேறொரு எண்ணிலும் வரும். ஹெச்டி எண்களை ஃபேவரிட் பட்டியலில் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிக் கொடுத்த பிறகுதான் சரியானது.

அப்படியென்றால் ஹெச்டி பெட்டிக்கும் சேனலுக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா?

ஆமாம். அரசு கேபிளோ, தனியார் கேபிளோ, டிஷ்ஷோ, எதுவானாலும் ஹெச்டி பெட்டியா என்று கேட்டு வாங்க வேண்டும், ஹெச்டி சேனல்கள் உள்ள பேக் போட வேண்டும். எல்லாச் சேனலையும் ஹெச்டியில் எடுக்கத் தேவையில்லை. சன் டிவி, கேடிவி, விஜய் மாதிரி வீட்டில் நிஜமாகவே ஓடுகிற நாலைந்தையும், கிரிக்கெட் பார்ப்பவர்கள் இருந்தால் ஒரு ஸ்போர்ட்ஸ் சேனலையும் மட்டும் ஹெச்டியில் எடுங்கள். எல்லாச் சேனலுக்கும் ஹெச்டி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டி வந்ததும் அதன் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் 1080 என்று இருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகள் 576-இலேயே கிடக்கும். ஹெச்டிஎம்ஐ வயருக்குத் தங்க முலாம், விலை உயர்ந்தது என்று தேட வேண்டாம். அதில் போவது டிஜிட்டல் சிக்னல், வந்தால் முழுசாக வரும், கோளாறு என்றால் கட்டம் கட்டமாகவோ விட்டு விட்டோ காட்டிக் கொடுத்துவிடும். ஆறடி வயர், சாதாரண விலையில், முனை ஆடாமல் பிடித்தால் போதும்.

எல்ஈடி, கியூஎல்ஈடி, மினி எல்ஈடி, ஓஎல்ஈடி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

முதல் மூன்றும் ஒரே குடும்பம். எல்சிடி திரைக்குப் பின்னால் எல்ஈடி விளக்கு. கியூஎல்ஈடி என்றால் அந்த விளக்குக்கு முன்னால் குவாண்டம் டாட் என்ற மெல்லிய படலம் சேர்த்து, வண்ணம் இன்னும் செழிப்பாக வரச் செய்திருப்பார்கள். மினி எல்ஈடி என்றால் பின்னால் இருக்கும் விளக்குகளைப் பொடிப் பொடியாக்கி, பகுதி பகுதியாக அணைக்கவும் கூட்டவும் முடிகிற மாதிரி வைத்திருப்பார்கள், அதனால் ராத்திரிக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஓஎல்ஈடி வேறு ஜாதி: பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், தானே அணையும். இருட்டறையில் சினிமா பார்க்க அதை அடிக்க ஆள் இல்லை.

ஆனால் நம் வீடுகளில் டிவி எப்படி ஓடுகிறது என்று யோசியுங்கள். காலையில் ஆறு மணிக்குப் பக்திப் பாட்டில் ஆரம்பித்து, ஜன்னல் திறந்த ஹாலில், ராத்திரி பத்து வரை ஓடும். அதிலும் செய்தி சேனல் பைத்தியம் உள்ள வீடாக இருந்தால் ஒரே லோகோ, ஒரே சிவப்புப் பட்டை, நாள் முழுக்க ஒரே இடத்தில். ஓஎல்ஈடியில் அப்படி மாதக்கணக்கில் ஓடினால் அந்த இடம் தேய்ந்து நிழல் மாதிரி நிரந்தரமாகத் தங்கிவிட வாய்ப்பு இருக்கிறது. தடுக்கிற வசதிகள் உள்ளே வைக்கிறார்கள், இருந்தாலும் நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டுக்கு நான் ஓஎல்ஈடி சொல்ல மாட்டேன். வெளிச்சமான ஹாலுக்கு நல்ல கியூஎல்ஈடி, பணம் இருந்தால் மினி எல்ஈடி.

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பேனல் ஐபிஎஸ்ஸா, விஏவா? பேனல் என்றால் படம் காட்டும் திரை, ஐபிஎஸ்ஸும் விஏவும் எல்சிடி திரையில் இரண்டு வகை. ஐபிஎஸ் பேனலைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் வண்ணம் வெளிறாது, ஆனால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் கறுப்பு நன்றாக வரும், பக்கவாட்டில் போனால் வெளிறும். சோபாவில் மூன்று பேர், தரையில் இரண்டு பேர், சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒருவர் என்று பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் நல்லது. நேர் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ராத்திரியில் படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ. அட்டைப் பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். கடையில் டிவிக்குப் பக்கவாட்டில் நாலடி நடந்து போய்ப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடையில் எல்லா டிவியும் பளிச்சென்று இருக்கிறதே, எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடையில் டிவிகளை விவிட் என்றோ டைனமிக் என்றோ ஒரு மோடில், வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். ஓடுவதும் பூ, கிளி, கடல் என்று டெமோவுக்கென்றே எடுத்த 4கே படம். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பென்டிரைவில் நீங்களே எடுத்துப் போங்கள்: உங்கள் வீட்டு விசேஷத்தில் எடுத்த ஃபுல் ஹெச்டி வீடியோ ஒன்று, பகல் வெளிச்சத்தில் முகங்கள் தெரிகிற மாதிரி, அப்புறம் இரவுக் காட்சி உள்ள ஒன்று. தெரிந்த முகத்தின் நிறம் திரையில் சரியாக வருகிறதா என்பதை விட நல்ல சோதனை கிடையாது. பெரியம்மா முகம் ஆரஞ்சுப் பழம் மாதிரி தெரிந்தால் பிக்சர் மோடை சினிமாவுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். மாற்றியும் அப்படியே இருந்தால் வேறு டிவி பாருங்கள். கூடவே கடையில் கேபிள் இணைப்பு இருந்தால் சாதா எஸ்டி சேனல் ஒன்று போடச் சொல்லுங்கள். மட்டமான சிக்னலை எந்த டிவி கௌரவமாகக் காட்டுகிறதோ அதற்குள் இருக்கும் பிராசசர் நல்லது என்று அர்த்தம். சில விற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, உங்கள் காசு.

ஹெச்டிஆர், டால்பி விஷன் எல்லாம் அவசியமா?

ஹெச்டிஆர் என்பது வெளிச்சமான இடத்துக்கும் இருட்டான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விரித்துக் காட்டும் முறை, டால்பி விஷன் அதில் ஒரு வகை. நல்ல டிவியில் அது 4கேவை விடவே கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம். ஆனால் அதற்குத் திரையில் வெளிச்சம் இருக்க வேண்டும், அதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 250, 300 நிட்ஸ் உள்ள டிவியில் ஹெச்டிஆர் முத்திரை இருந்தால் அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம், காட்டும் என்று இல்லை. 600-க்கு மேல் இருந்தால் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். கேபிள் மட்டும் பார்ப்பவர்கள் இதற்காக ஒரு ரூபாய் கூடத் தர வேண்டாம்.

60 ஹெர்ட்ஸா, 120-ஆ?

ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. சினிமா நொடிக்கு 24 படம், நம் ஊர் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கு. இரண்டுக்கும் 60 போதும். பிஎஸ்5 மாதிரி கேம் விளையாடும் பையன் வீட்டில் இருந்தால் மட்டும் 120-உம் ஹெச்டிஎம்ஐ 2.1-உம் பாருங்கள். "மோஷன் ரேட் 240" மாதிரி எழுதியிருந்தால் அது பேனலின் நிஜ வேகம் இல்லை. நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஸ்மார்ட் டிவியில் எதைப் பார்க்க வேண்டும்? இரண்டு வருடத்தில் ஸ்லோ ஆகிவிடும் என்கிறார்களே?

ஆகும், அது நிஜம். கூகுள் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன் எல்லாமே நல்லவைதான், ஆனால் ஆப்கள் ஒவ்வொரு வருடமும் கனமாகிக்கொண்டே போக, டிவிக்குள் இருக்கும் மெமரி அப்படியே நிற்கிறது. ராம் 1 ஜிபி, ஸ்டோரேஜ் 8 ஜிபி என்று இருந்தால் தொடாதீர்கள். 2 ஜிபி, 16 ஜிபி குறைந்தபட்சம். ஆனால் இதற்காக மட்டும் நல்ல பேனல் உள்ள டிவியை ஒதுக்காதீர்கள், ஏனென்றால் ஸ்மார்ட் பகுதி பழசானால் ஹெச்டிஎம்ஐயில் ஆப்களை ஓட்டும் சின்ன ஸ்டிக் ஒன்றைச் செருகிப் புதுசாக்கிவிடலாம், பேனலை அப்படி மாற்ற முடியாது. அந்த ஸ்டிக்குக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் சவுண்ட்பாருக்கும் சேர்த்து மூன்று ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்கிற ஆப் எல்லாம் அந்த டிவியில் உண்டா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளான் டிவியில் ஓடாது. 4கே வேண்டும் என்றால் அவர்களின் பிரீமியம் பிளான்தான்.

இன்டர்நெட் எவ்வளவு வேகம் வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்கு ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. இன்றைய ஃபைபர் இணைப்புகளில் இது பெரிய விஷயமே இல்லை. சிக்கல் எங்கே வரும் என்றால், ரவுட்டர் மாடியில், டிவி கீழே, நடுவில் கான்கிரீட் தளம். அப்படிப்பட்ட வீட்டில் லேன் வயர் ஒன்றை இழுத்துவிடுங்கள், அதோடு சுற்றும் வட்டம் நின்றுவிடும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வாங்குபவர்கள், 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை தின்னும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சத்தம் தெளிவாக இல்லையே, சவுண்ட்பார் வாங்க வேண்டுமா?

டிவி மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது, சத்தம் கீழ்ப்பக்கமாகவோ பின்பக்கமாகவோதான் வருகிறது. முதலில் சவுண்ட் மோடை ஸ்பீச் அல்லது கிளியர் வாய்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். வயதானவர்களுக்கு வசனம் புரியவில்லை என்ற குறை அதிலேயே பாதி தீரும். தீரவில்லை என்றால் சின்ன சவுண்ட்பார் ஒன்று, ஆர்க் என்று எழுதியிருக்கும் ஹெச்டிஎம்ஐ ஓட்டையில் செருகினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம், குறைக்கலாம்.

சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

மாட்ட வருபவர் அவசரத்தில் இருப்பார், "எங்க சார் அடிக்கணும்?" என்று டிரில்லோடு நிற்பார், நாமும் நின்றுகொண்டே கண் உயரத்துக்கு விரலைக் காட்டிவிடுவோம். அங்கேதான் தப்பு நடக்கிறது. டிவியை நின்றுகொண்டு யாரும் பார்ப்பதில்லை. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையில் இருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும், திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தில் வர வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் டிவியை நிலைப்படி உயரத்துக்கு மாட்டிவிட்டார்கள். அப்பாவுக்குத் தரையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துதான் பழக்கம். ராத்திரிச் செய்தி முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பார். வயசுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளையடிப்பதற்காக டிவியைக் கழற்றி ஒரு வாரம் மர பெஞ்சில் வைத்திருந்தபோது அவர் கை பிடரிக்குப் போகவே இல்லை. அப்புறம் ஒன்றே முக்கால் அடி கீழே இறக்கி மாட்டினோம். மேலே இருந்த நாலு ஓட்டைகளையும் பட்டி பார்த்து அடைத்தது இன்றைக்கும் சுவரில் தெரியும்.

தரையில் உட்காருபவர்கள் அதிகம் உள்ள வீட்டில் சுவரை விட டிவி ஸ்டாண்டே நல்லது. சுவர்தான் வேண்டும் என்றால், பழைய மண் சுவர், சுண்ணாம்புச் சுவர், ஹாலோ பிளாக் சுவரில் சாதா பிளக் பிடிக்காது, அதற்கேற்ற ஆங்கர் கேளுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவரில் டிவியை மாட்டவே மாட்டாதீர்கள். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரும் வேண்டாம், மத்தியானம் முழுக்கத் திரையில் ஜன்னல்தான் தெரியும்.

ஸ்டெபிலைசர் தேவையா? இடி மின்னலுக்கு என்ன செய்வது?

இப்போதைய டிவிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பின்னால் உள்ள லேபிளில் போட்டிருக்கும். வோல்டேஜ் அடிக்கடி ஏறி இறங்குகிற கிராமத்து லைன் என்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள், நகரத்தில் நல்ல எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் (திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுப்பது) போதும். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே செட்டாப் பாக்ஸுக்கு வெளியே இருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். கரண்ட் பிளக் பிடுங்கியிருந்தும் மொட்டை மாடி டிஷ் வயர் வழியாக வந்து போர்டு போன வீடுகள் எனக்குத் தெரியும்.

மின்னலைச் சொல்கிறவர்கள் பல்லியைச் சொல்வதில்லை. டிவிக்குப் பின்பக்கம் வெதுவெதுப்பாகவும் இருட்டாகவும் இருக்கும், பல்லிக்கு அது சொர்க்கம். சித்தப்பா வீட்டு டிவி திடீரென்று நின்றுபோய், மெக்கானிக் பின் மூடியைத் திறந்தபோது பவர் போர்டின் மேல் காய்ந்துபோன பல்லிக் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கருகிய ஒரு பாகம். பூச்சியால் வரும் பழுதுக்கு வாரண்டி பெரும்பாலும் கிடையாது. டிவியைச் சுவரோடு ஒட்டி அப்பாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள், வாரம் ஒரு முறை பின்னால் தூசி தட்டுங்கள். காற்றோட்டத்துக்கான ஓட்டைகளைத் துணியால் அடைப்பது மட்டும் வேண்டாம், சூட்டிலேயே டிவி போய்விடும்.

கரண்ட் பில் ஏறுமா?

43 இன்ச் எல்ஈடி 100 வாட்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஏற்கெனவே 480, 490 யூனிட்டில் ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமே மாறிவிடும் என்பதால் அந்த வீடுகளுக்கு இந்த 36 கணக்கில் வரும். டிவியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும், நட்சத்திரத்தை எண்ணுவதை விட அந்த எண்ணைப் பாருங்கள்.

பாதி விலையில் அசெம்பிள் டிவி கிடைக்கிறதே?

எடுக்காதீர்கள். "4கே சப்போர்ட்" என்று எழுதியிருக்கும், அதாவது 4கே வீடியோவை வாங்கி ஓட்டும், பேனல் என்னவோ 1366 × 768-ஆகத்தான் இருக்கும். பேனல் ரெசல்யூஷன் எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதற்குத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். பின்பக்க லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போர்டு போனால் இந்த டிவிகளுக்குப் பாகம் தேடி அலைவதே பெரும்பாடு.

ஆடித் தள்ளுபடிக்கா, தீபாவளிக்கா, எப்போது வாங்கினால் லாபம்?

எப்போது வாங்கினாலும், மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு ஒரு மாதம் முன்பிருந்தே விலையைக் கவனித்து வாருங்கள், தள்ளுபடி நிஜமா இல்லையா என்று அப்போதுதான் தெரியும். கடைக்கும் ஆன்லைனுக்கும் ஒரே மாதிரி தெரியும் மாடலின் நம்பரில் கடைசி ஒன்றிரண்டு எழுத்து மாறினாலே ஸ்பீக்கரோ ராமோ குறைந்திருக்கலாம். 32 இன்ச்சுக்கு மேல் வரி அதிகம் என்பது பழைய கதை. 2025 செப்டம்பர் 22-இல் இருந்து பெரிய டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகிவிட்டது, அதனால் வரிக்குப் பயந்து 32-இலேயே நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

டெலிவரி அன்று என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியை நீங்களாகப் பிரிக்காதீர்கள், கம்பெனி ஆள் வந்து பிரிக்கட்டும், அதைப் போனில் வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன் தரையில் நிறுத்தியே ஆன் செய்து, முழு வெள்ளை, முழு கறுப்புப் படம் போட்டு, கோடு, கறுப்புப் புள்ளி, மூலைகளில் வெளிச்சக் கசிவு இருக்கிறதா பாருங்கள். உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது, மாற்றும் செலவு ஏறக்குறைய புது டிவி விலை வரும் என்பதால் இந்தப் பத்து நிமிடம் முக்கியம். பெட்டியையும் தெர்மாகோலையும் ஒரு மாதமாவது பரணில் வையுங்கள். சுத்தம் செய்ய உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம்.

வந்ததும் என்ன செட்டிங் மாற்ற வேண்டும்?

மூன்று. பிக்சர் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கருக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், அப்புறம் அதுதான் கண்ணுக்கு இதம் என்று புரியும். அடுத்து மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மாறும். அது ஓடினால் எந்த சினிமாவும் சீரியல் மாதிரி தெரியும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, பழைய சதுரப் படத்தை அகலமாக இழுத்துப் பார்க்காதீர்கள். சிவாஜியும் சாவித்திரியும் குண்டாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்கினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், முகம் முகமாக இருக்கும்.

எங்களிடம் ஐந்தாறு வருடப் பழைய ஃபுல் ஹெச்டி டிவி இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. மாற்றலாமா?

இப்போதே வேண்டாம். ஹெச்டி பெட்டி, ஹெச்டி பேக், ஒரு ஹெச்டிஎம்ஐ வயர், தேவையென்றால் ஒரு ஸ்டிக், இதெல்லாம் சேர்த்தாலும் புது டிவி விலையில் சின்னப் பங்குதான் வரும். அதை முதலில் செய்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் திரை சின்னது, கறுப்பு வெளுத்துத் தெரிகிறது என்று பட்டால் புதுசு வாங்குங்கள். பெட்டியும் வயரும் அந்த டிவிக்கும் அப்படியே ஆகும்.